பாதியில் விடாமல் கற்போம்: இணையவழியில் வலைத்தளப் பயிற்சி



நம் உறுப்பினர்கள் பலரது வீடுகளில் இப்போது ஒரு புதிய படிப்பு நடந்து வருகிறது. மகனோ மகளோ கணினி முன் அமர்ந்து, வலைத்தளம் அமைக்கும் தொழிலை இணையத்தின் மூலமே கற்கிறார்கள். பள்ளிக்கூடம் இல்லை, ஆசிரியர் நேரில் இல்லை, பெரும்பாலும் கட்டணமும் இல்லை. கடைக்காரர்களிலும் சிலர், தம் கடைக்கு ஒரு பக்கத்தைத் தாமே அமைத்துக்கொள்ளலாம் என்று இதில் இறங்கியிருக்கிறார்கள். தொடங்குவது எளிது. ஆனால் மூன்றாம் மாதம், நான்காம் மாதம் வந்ததும் "இது எனக்கு வராது" என்று எழுந்துவிடுகிறவர்கள்தாம் அதிகம். அவர்கள் ஏன் எழுந்துவிடுகிறார்கள், எழாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரை.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தி, சங்கரன்கோவிலில் பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம் செய்து வருபவன். பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் பாடத்தைக் கற்று, எங்கள் மண்டியின் விலைப்பட்டியல் பக்கத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன். கணினி நிபுணன் அல்லன். வியாபாரி என்ற முறையில் கண்டவற்றையே எழுதுகிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 2012-ஆம் ஆண்டு எட்எக்ஸ் என்ற இணைய வகுப்புகளைத் தொடங்கின. அவற்றின் பதிவேடுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2019 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. பெயர் பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தின் உள்ளேயே நுழையவில்லை. 2017-18-ஆம் ஆண்டில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேர். ஆனால் சான்றிதழுக்காகப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 46 பேர் முடித்திருக்கிறார்கள்.

பாடம் இருவருக்கும் ஒன்றுதான். முடிக்கும் எண்ணத்தோடு வந்தவர்களே பணம் கட்டியிருப்பார்கள் என்பதும் உண்மை. ஆயினும் கைமுதல் போட்டவன் கடையை விட்டு எளிதில் எழுந்திருக்க மாட்டான் என்பது நமக்குத் தெரியும். ஆகவே இலவசப் பாடம் படிக்கிறவர்களும் ஏதேனும் ஒரு முதலைப் போட வேண்டும். அது பணமாக இருக்க வேண்டியதில்லை. தினமும் இன்ன நேரம் என்று ஒதுக்கிய ஒரு மணி நேரம் ஒரு முதல். "ஆவணிக்குள் நம் கடைப் பக்கத்தை முடித்துத் தருகிறேன்" என்று வீட்டாரிடம் சொன்ன சொல்லும் ஒரு முதல்.

வலைத்தளம் எதனால் ஆனது?

டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989-இல், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரை ஒட்டிய செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தபோது இதற்கான திட்டத்தை எழுதினார். 1993 ஏப்ரலில் அந்நிலையம் இதனை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இன்று நம் பிள்ளைகள் காசில்லாமல் கற்க முடிவதற்கு அந்த அறிவிப்பே ஆதாரம்.

கற்க வேண்டியவை முக்கியமாக மூன்று. எச்.டி.எம்.எல். என்பது கடையின் சுவரும் அலமாரியும்: எங்கே பெயர், எங்கே பட்டியல், எங்கே படம் என்று அமைப்பது. சி.எஸ்.எஸ். என்பது வண்ணம் பூசுவதும், பெயர்ப்பலகை எழுதுவதும், சரக்கை அழகாக அடுக்குவதும். ஜாவாஸ்கிரிப்ட் என்பது கடைப்பையன்: வாடிக்கையாளர் கேட்டதை எடுத்து, கூட்டிச் சொல்லி, பில் போடுபவன். இவற்றுக்குப் பின்னால் குடோனையும் பேரேட்டையும் போல ஒரு தகவல் கிடங்கும் உண்டு. அது பிறகு வரும்.

முதல் இரண்டும் சில வாரங்களில் கைவந்துவிடும். எழுதியது உடனே திரையில் தெரிவதால் உற்சாகமும் இருக்கும். மூன்றாவதில்தான் வண்டி நிற்கிறது. பலர் எழுந்து போவது இந்த இடத்தில்தான். இங்கே எல்லோருக்கும் வண்டி நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

முதல் தடை: மொழி

நல்ல பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழி படித்தவர்களுக்கு இது மலைப்பாக இருக்கும். ஆனால் தமிழில் ஒன்றுமே இல்லை என்பது சரியன்று. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் பத்து நிமிட அளவிலான காட்சிப் பாடங்கள் உள்ளன. பலவற்றுக்குத் தமிழ் ஒலிப்பதிவு உண்டு. திரையின் ஒரு பாதியில் பாடத்தை ஓடவிட்டு, மறுபாதியில் நாம் செய்துகொண்டே போக வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை. 2012 முதல் இயங்கும் 'கணியம்' இதழைச் சேர்ந்தவர்கள் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். முதலியவற்றை எளிய தமிழில் மின்னூல்களாக இலவசமாகத் தந்திருக்கிறார்கள். இவற்றில் அடிப்படையைப் படித்துக்கொண்டு, பின்பு ஃப்ரீகோட்கேம்ப் போன்ற ஆங்கிலப் பாடத்துக்குப் போகலாம். 2014-இல் தொடங்கிய அதுவும் இலவசமே.

இதற்கு வேண்டிய ஆங்கிலமும் குறைவுதான். பிழைச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை எண்ணிவிடலாம். 'அன்டிஃபைன்டு' என்றால் இன்னதென்று சொல்லப்படாதது. 'அன்எக்ஸ்பெக்டட்' என்றால் அந்த இடத்தில் வரக்கூடாதது வந்திருக்கிறது. 'மிஸ்ஸிங்' என்றால் வர வேண்டியதைக் காணவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, புதிதாக வரும் சொல்லையும் பொருளையும் தேதி போட்டு எழுதி வரவேண்டும். நூறு சொல் சேர்ந்தால் பயம் தெளிந்துவிடும்.

இரண்டாம் தடை: பாடம் மாற்றிக்கொண்டே இருப்பது

ஒரு பாடத்தில் ஐந்தாவது அத்தியாயம் கடினமாக இருந்தால், இன்னொருவர் பாடத்தை முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குவது. அங்கும் அதே ஐந்தாவதில் நிற்பது. பிறகு மூன்றாமவரைத் தேடுவது. இப்படி ஓராண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது இதற்காகவே சொன்னது போல இருக்கிறது. ஒரு பாடத்தை எடுத்தால் அதை முடிக்கும் வரை மற்றதைத் திறக்கக்கூடாது. ஒரு பகுதி மட்டும் விளங்கவில்லையென்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் வேறு ஒருவர் விளக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

மூன்றாம் தடை: பார்த்ததைச் செய்ததாக நினைப்பது

பாடம் நடத்துபவர் தட்டச்சு செய்வதைப் பார்க்கும்போது எல்லாம் புரிவது போலத் தோன்றும். நிறுத்திவிட்டு வெறும் திரையில் நாமாக எழுதினால் நாலு வரி வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பத்து நிமிடம் பார்த்தால் இருபது நிமிடம் பாராமல் செய்ய வேண்டும். அதுவும் பாடத்தில் வரும் உதாரணத்தையே செய்யாமல், நம் கடைக்குப் பொருத்திச் செய்ய வேண்டும். அவர் புத்தகப் பட்டியல் போட்டால் நாம் பருப்புப் பட்டியல் போடலாம். நாளைக்கு விலை மாறினால் நாமும் மாற்றித்தானே ஆக வேண்டும்? அப்போது பாடம் தானாகவே மனத்தில் நிற்கும்.

நான்காம் தடை: பிழை

பலரை எழுப்பி விடுவது இதுதான். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் கடைப்பையன் வேலை நிறுத்தம் செய்துவிடுவான். பெரிய எழுத்துக்குப் பதில் சிறிய எழுத்துப் போட்டாலும் அப்படியே. பிள்ளைகள் இதைத் தங்கள் அறிவுக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்ற வேண்டிய அவசியமே இல்லை. பேரேடு ஒரே தடவையில் சரியாக வந்தது உண்டா? ஐந்தொகை எடுக்கும்போது வித்தியாசம் வரும்; தேடுவோம்; கண்டுபிடிப்போம். வித்தியாசத் தொகை 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், 540-ஐ 450 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கக்கூடும் என்று முதலில் அதைத்தான் பார்ப்போம். இங்கேயும் அதே வேலைதான்.

உலாவியில் எஃப் 12 விசையை அழுத்தினால் கன்சோல் என்ற பகுதி திறக்கும். அதில் பிழையும் வரி எண்ணும் சிவப்பில் தெரியும். அந்த வரியைப் பாருங்கள்; அதில் ஒன்றும் இல்லையென்றால் அதற்கு மேல் வரிகளைப் பாருங்கள். அடைப்புக்குறி பெரும்பாலும் மேலேதான் விட்டுப்போயிருக்கும். அப்படியும் அகப்படாவிட்டால் எழுதியதில் பாதியை எடுத்து வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எந்தப் பாதியில் குற்றம் என்று தெரியும். பிறகு அதில் பாதி. நாலைந்து தடவையில் இடம் அகப்பட்டுவிடும்.

வணிகர்கள் அவசியம் அறிய வேண்டிய இரண்டு பிழைகளைச் சொல்கிறேன். முதலாவது: வாடிக்கையாளர் கட்டத்தில் 50 என்றும் 20 என்றும் எழுதினால், ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகக் கொள்ளும். கூட்டச் சொன்னால் இரண்டையும் ஒட்டி 5020 என்று காட்டும். முதலில் எண்ணாக மாற்று என்று சொல்லிவிட்டுத்தான் கூட்டச் சொல்ல வேண்டும். இரண்டாவது: 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். கணினி இரண்டின் அடுக்குகளில் கணக்கு வைப்பதால், பத்தில் ஒன்று என்பது அதற்குச் சரியாக அடங்காது. ஒரு ரூபாயை மூன்று பேருக்குப் பைசா சுத்தமாகப் பங்கிட முடியாதது போல. ஆகவே பணக் கணக்கை ரூபாய்ப் பின்னமாக வைக்காமல் முழுப் பைசாவாக வைத்துக் கூட்டி, கடைசியில் நூறால் வகுத்துக் காட்ட வேண்டும்.

கேட்கவும் தெரிய வேண்டும்

தனியாகப் படிப்பவனுக்குச் சந்தேகம் கேட்க ஆள் இல்லை என்பது உண்மையான கஷ்டம். இணையத்தில் கேட்டால் பதில் சொல்ல அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எடை குறைந்தால் மில்லுக்கு நாம் எப்படிக் கடிதம் எழுதுகிறோம்? பில் எண், மூட்டை எண்ணிக்கை, இருக்க வேண்டிய எடை, வந்த எடை என்று எழுதுகிறோம். அதுபோல, செய்ய நினைத்தது என்ன, எழுதியது என்ன, வந்தது என்ன, இதுவரை பார்த்தது என்ன என்று நான்காகப் பிரித்து எழுத வேண்டும். பாதி நேரம், இப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே விடை நமக்கே தெரிந்துவிடும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேட்டதும் நிரலை எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகிவிட்டன. அப்படியானால் கற்பானேன் என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப்பிள்ளை வைத்திருக்கும் முதலாளிக்குக் கணக்குப் படிக்கத் தெரிய வேண்டாமா? அந்தக் கருவிகள் தவறாகவும் எழுதும். அதையும் சரியானது போலவே எழுதும். கற்கும் காலத்தில் அதனிடம் விளக்கம் கேளுங்கள். எழுதித் தரச் சொல்லாதீர்கள். அது தந்ததை ஒவ்வொரு வரியாக உங்களால் விளக்க முடியாவிட்டால் அதைக் கடையில் சேர்க்காதீர்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியது

எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு மளிகைக் கடைக்காரரின் மகள், பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்தே இந்தப் படிப்பைத் தொடங்கினாள். நான்கு மாதம் ஆனதும் அவர் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நாலு மாசம் ஆச்சு. அஞ்சு பைசா வரவு இல்ல. ராத்திரி பூரா பெட்டியவே பாத்துக்கிட்டு இருக்கா. முந்தாநாள் அழுதுட்டா. நிப்பாட்டிரச் சொல்லலாம்னு நினைக்கேன்" என்றார்.

"நீங்க கடை போட்டு எப்ப லாபம் பாத்தீக?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்து, "ரெண்டாவது தீவாளி கழிஞ்சுதான்" என்றார்.

"அதுவரைக்கும் உங்கய்யா கடையச் சாத்தச் சொன்னாரா?"

அவர் பதில் சொல்லவில்லை. மேலே நான் சொன்ன அந்த 5020 கணக்கில்தான் அந்தப் பெண் மூன்று நாள் நின்றிருந்தாள். வீட்டில் யாருக்கும் அது தெரியாது, கேட்கவும் இல்லை. அன்று இரவு தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கம்மா நிக்குது?" என்று கேட்டாராம். அவருக்கு விளங்கும்படி சொல்லப் போனபோதே அவளுக்கு வழி புலப்பட்டுவிட்டது. இப்போது அந்தக் கடையின் மாதச் சாமான் பட்டியல் அவள் எழுதிய பக்கத்தின் வழியாகவும் வருகிறது. வாடிக்கையாளர் வேண்டியதைக் குறித்தால் அது வாட்ஸ்அப் செய்தியாகக் கடைக்கு வந்துவிடும். வேலை இன்னும் கிடைக்கவில்லை, படிப்பு தொடர்கிறது. நிறுத்தியிருந்தால் இரண்டும் இல்லை.

ஆகவே பெற்றோர் "எப்போது சம்பாதிப்பாய்?" என்று தினமும் கேட்பதை விட்டுவிட்டு, "இன்று என்ன செய்தாய், காட்டு" என்று வாரம் ஒரு முறை கேளுங்கள். நமக்குப் புரியாவிட்டாலும் பாதகமில்லை. காட்ட வேண்டும் என்பதற்காகவே பிள்ளை செய்து வைப்பான். பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலையில் ஒரு மணி நேரம் விடுதலை கொடுங்கள். கைப்பேசியில் மட்டும் இந்தப் படிப்பு சரிவராது. பழைய கணினியானாலும் ஒன்று வேண்டும்.

நமக்குப் புதிதல்ல

1957 ஏப்ரல் முதல் தேதி நாட்டில் நயா பைசா வந்தது. பதினாறு அணாவில் கணக்குப் பார்த்த நம் தகப்பனார்கள், அணாவுக்கு ஆறேகால் பைசா என்று மாற்றக் கற்றார்கள். 1958 அக்டோபர் முதல் வீசையும் பலமும் போய்ப் படிப்படியாகக் கிலோ வந்தது. கடையை அடைக்காமலே அதையும் கற்றார்கள். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது, கணினியைத் தொட்டிராத நம்மில் பலர் இணையத்தில் கணக்குத் தாக்கல் செய்யக் கற்றோம். தினமும் கொஞ்சம், தப்பானால் திருத்தி மீண்டும் என்றே எல்லாம் வந்தது.

வலைத்தளத் துறையிலும் நமக்கு முன்னோடி உண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி என்பவர் தொழிலால் தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர். கணினியில் தமிழ் எழுத 'கணியன்' என்ற மென்பொருளை உருவாக்கினார். ஒருவர் தட்டிய தமிழ் மற்றவர் கணினியில் தெரியாத காலம் அது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தாங்கிய இணையத்தளம் தொடங்கியபோது அதில் தமிழும் இடம்பெற்றது அவருடைய உழைப்பால்தான். 1999-இல் 53 வயதில் மறைந்தார். அவருக்குத் தமிழில் பாடம் சொல்ல ஒரு காட்சிப் பதிவும் இருக்கவில்லை.

நம் தென்காசி மாவட்டத்திலேயே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011 முதல் இயங்குகிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தரும் பள்ளியும் அவர்களுக்கு உண்டு. கல்லூரிப் பட்டம் இல்லாமலும் இத்தொழில் செய்யலாம் என்பதற்கு இதுவே சான்று.

ஆறு மாதத் திட்டம்

1. முதல் மாதம்: எச்.டி.எம்.எல். கடைப் பெயர், முகவரி, திறக்கும் நேரம், இருபது சரக்குகளின் பட்டியல்.

2. இரண்டாம் மாதம்: சி.எஸ்.எஸ். கைப்பேசியில் படிக்க எளிதாக இருக்கிறதா என்று அதிலேயே திறந்து பாருங்கள்; வாடிக்கையாளர் அதில்தான் பார்ப்பார்.

3. மூன்றாம், நான்காம் மாதங்கள்: ஜாவாஸ்கிரிப்ட். விலை, அளவு, கூட்டுத்தொகை. இது நடக்காமல் நிற்கும் காலம். இந்த இரண்டு மாதமும் புதிதாக வேறெதையும் தொடாதீர்கள்.

4. ஐந்தாம் மாதம்: எழுதியதை இணையத்தில் ஏற்றுதல். பயிற்சிப் பக்கங்களை இலவசமாக வைக்கும் இடங்கள் உள்ளன.

5. ஆறாம் மாதம்: தெரிந்தவர் ஒருவரின் கடைக்குச் செய்து கொடுத்து, அவர் சொல்லும் குறைகளைத் திருத்துதல்.

தினமும் ஒரு மணி நேரம் போதும். ஆடித்தபசு, தீபாவளி நெருக்கடியில் பத்து நிமிடமாவது பழைய பாடத்தைத் திருப்புங்கள். ஒரு நாள் விட்டால் மறுநாள் தொடரலாம். ஒரு மாதம் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள்

"மூன்று மாதத்தில் வேலை நிச்சயம்" என்று பெருந்தொகை கேட்பவர்களிடம், முன்பு படித்த நான்கு பேரைக் காட்டச் சொல்லுங்கள். மூட்டையைக் குத்திப் பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. அடுத்தது, புதிதாகக் கற்றவர்கள் பணம் வாங்கும் ஏற்பாட்டைத் தாமே எழுதக்கூடாது. வங்கி அல்லது அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் ஏற்பாட்டையே இணைக்க வேண்டும். வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வேண்டிய அளவுக்கு மேல் சேகரிக்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது.

உறுப்பினர்களின் வீட்டில் யாராவது இப்படிப்பில் பாதியில் நின்றிருந்தால், இந்த வாரம் அந்தப் பெட்டியை மீண்டும் திறக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் நின்றது என்று கேளுங்கள். அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கினால் போதும்.